பூவை வகுக்கும் புரதங்கள்

(சங்கத்தின் வெள்ளி விழா, இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கல்வியும் சமுதாய முன்னேற்றமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் முதலில் பணித்தனர். அப்பொருள் பற்றி இம்மேடையில் நாம் பலமுறை பேசியாயிற்று. நீங்களும் பொறுமையோடு பலமுறை கேட்டாயிற்று. ஆகவே, இம்முறை கல்வியைப் பற்றிப் பேசுவதை விடுத்து ஒரு பாடத்தையே நடத்திவிட இசைவு தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். குழுவினர் சிறிது தயங்கினர், பின்னர் இசைந்தனர். பாடம் பூவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பூவின் உள்ளே சில புரதங்கள் ஒன்றோடொன்று கூடி எவ்வாறு பூவை உருவாக்குகின்றன என்பதைப் பற்றியது.

இதற்கு ஒரு பழைய கடன் காரணம். நாம் பட்டப்படிப்பில் பயின்றது வரலாறு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தது. வகுப்பு வெறுமனே இருக்கலாகாது என்பதற்காக ஒன்பதாம் வகுப்பு அறிவியலை நாமே ஏற்றோம். முதல் நாள் இரவு படித்ததை மறுநாள் காலை ஒப்பிப்பதுதான் அன்று எம் கற்பித்தல் முறை. பூவின் பாகங்கள் பற்றிய பாடம் வந்தது. புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என நான்கையும் கரும்பலகையில் வரைந்து, மறுநாள் ஆளுக்கொரு செம்பருத்திப் பூக் கொண்டுவரச் சொன்னோம்.

ஒரு மாணவி இரண்டு பூக்கள் கொண்டுவந்தாள். ஒன்று ஐந்து இதழ் உடைய ஒற்றைச் செம்பருத்தி. மற்றொன்று அடுக்குச் செம்பருத்தி. இரண்டையும் பிய்த்து மேசைமேல் பரப்பிவிட்டு, “ஐயா, அடுக்குப் பூவில் மகரந்தத்தாள் எங்கே போயிற்று? இதழ் எங்கிருந்து கூடுதலாக வந்தது?” என்று கேட்டாள். அத்தோடு நிற்கவில்லை. ஓர் இதழை எடுத்துக் காட்டினாள். அதன் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி இதழ், பாதி மகரந்தத்தாள். “இது எந்த வட்டத்தில் சேரும்?” என்றாள்.

எமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “இது பாடத்தில் இல்லை, உட்கார்” என்று சொல்லிவிட்டோம். அவள் உட்கார்ந்தாள். அவ்வாண்டு முழுவதும் வேறு கேள்வி கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. அவர் இன்று இரு பிள்ளைகளின் தாய். இந்த அவையில் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் எழுந்து போய்விடுவார்.

பின்னாளில், நம் சங்கத்தின் உதவித்தொகையோடு முதுகலைத் தாவரவியல் பயின்ற இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது இக்கேள்வியை அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். “ஐயா, அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் உழைத்தன” என்றார். அவர் சொல்லத் தொடங்கியதும், அதன்பின் நாமாகப் படித்துத் தெரிந்துகொண்டதுமே இன்றைய பாடம்.

முதலில் ஓர் அடிப்படை. செடியின் வேரில் உள்ள உயிரணுவை எடுத்தாலும், இலையில் உள்ளதை எடுத்தாலும், இதழில் உள்ளதை எடுத்தாலும், அவற்றுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் ஒன்றே. அப்படியானால் வேர் ஏன் வேராகவும் இதழ் ஏன் இதழாகவும் இருக்கின்றன? நம் சங்கத்தின் படிப்பகத்தை எண்ணிப் பாருங்கள. அங்குள்ள நூல்கள் எல்லார்க்கும் பொது. தேர்வாணையத் தேர்வு எழுதுபவர் ஓர் அலமாரியைத் திறக்கிறார். தையல் பயில்பவர் வேறோர் அலமாரியைத் திறக்கிறார். நூலகம் ஒன்றுதான், திறந்து படித்த நூல் வேறு. உயிரணுவிலும் எந்த மரபணு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்த அணு இன்னதாகிறது. மரபணுவைத் திறந்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுவதைப் படியெடுத்தல் என்பர். எந்த மரபணுவைப் படியெடுக்கலாம், எதைக் கூடாது என்று முடிவு செய்யும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். இவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசை உள்ள இடத்தைக் கண்டு பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொண்டால் அருகில் உள்ள மரபணு விழித்துக்கொள்ளும். சில வேளைகளில் உறங்கிப்போகும்.

இந்த ஆய்வுக்கு உதவிய செடி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களை. அரபிடாப்சிஸ் என்பது அதன் பெயர். உண்ணவும் உதவாது, சூடவும் உதவாது. சாண் உயரம் வளரும். பூவோ சில மில்லிமீட்டர் அகலம். ஆயினும் விதைத்த இரண்டு மாதங்களுக்குள் மறுவிதை தந்துவிடும். சிறு தட்டில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். 2000ஆம் ஆண்டு இதன் மரபுப் பொருள் முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. தாவரங்களுள் முதன்முதலில் அவ்வாறு படிக்கப்பட்டது இக்களையே. அதில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படியெடுத்தல் காரணிகள் உள்ளன எனக் கணக்கிட்டனர். நெல்லையும் கோதுமையையும் விட்டுவிட்டு யாரும் மதியாத ஒரு களையிடம் அறிஞர் போனது எமக்கு முதலில் வியப்பாக இருந்தது.

இச்செடியின் பூவில் வெளியிலிருந்து உள்ளே நான்கு வட்டங்கள்: புல்லி இதழ் நான்கு, அல்லி இதழ் நான்கு, மகரந்தத்தாள் ஆறு, நடுவே இரு சூலிலைகள் இணைந்த சூலகம். சில செடிகளில் இந்த ஒழுங்கு பிறழ்ந்து காணப்பட்டது. பிறழ்ச்சியும் மனம்போன போக்கில் இல்லை. மூன்று வகையாகவே இருந்தது. ஒரு வகையில் வெளி இரு வட்டங்களும் கெட்டு, புல்லி இதழ் இருக்க வேண்டிய இடத்தில் சூலிலையும், அல்லி இருக்க வேண்டிய இடத்தில் மகரந்தத்தாளும் தோன்றின. இரண்டாம் வகையில் நடு இரு வட்டங்களும் கெட்டு, அல்லி இதழ் புல்லி ஆயிற்று. மகரந்தத்தாள் சூலிலை ஆயிற்று. மூன்றாம் வகைதான் நம் மாணவியின் கேள்விக்கு உரியது. அதில் மகரந்தத்தாள் ஆறும் இதழ்களாகிவிட்டன, சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பூ தொடங்கிற்று, அதனுள் மற்றொன்று. புல்லி, அல்லி, அல்லி, மீண்டும் புல்லி, அல்லி, அல்லி என அடுக்கிக்கொண்டே போயிற்று. களையில் தோன்றிய அடுக்குப் பூ!

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆய்வு செய்த எலியட் மேயரோவிட்சும், இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஆன்டிரினம் என்னும் தோட்டப் பூச்செடியை ஆய்ந்த என்ரிகோ கோயனும் சேர்ந்து இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அவர்கள் ஏ, பி, சி என்று பெயரிட்டனர். நாம் அ, ஆ, இ என்றே கொள்வோம். ‘அ’ என்னும் பணி வெளி இரு வட்டங்களில் நடைபெறுகிறது. ‘ஆ’ நடு இரு வட்டங்களில். ‘இ’ உள் இரு வட்டங்களில். ‘அ’ தனித்து நடந்தால் புல்லி. ‘அ’வும் ‘ஆ’வும் கூடினால் அல்லி இதழ். ‘ஆ’வும் ‘இ’யும் கூடினால் மகரந்தத்தாள். ‘இ’ தனித்து நடந்தால் சூலகம். இன்னொரு விதியும் உண்டு. ‘அ’வும் ‘இ’யும் ஓரிடத்தில் இரா, ஒன்று நீங்கினால் மற்றொன்று அவ்விடத்தையும் கைக்கொள்ளும்.

இளைஞர்கள் கையில் உள்ள தாளில் நான்கு கட்டம் வரைந்து, ‘இ’யை அழித்துப் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் ‘ஆ’ இருக்கிறது. ‘இ’ நீங்கியதால் ‘அ’ உள்ளே நுழைகிறது. ஆகவே அல்லி இதழ். இதுதான் அடுக்கு. மகரந்தத்தாள் எங்கும் போகவில்லை. அது தோன்ற வேண்டிய இடத்திலேயே இதழாகத் தோன்றியது. பூந்தோட்டங்களில் உள்ள அடுக்கு ரோஜாவிலும் ‘இ’ பணி புரியும் எல்லை பூவின் நடுவை நோக்கிச் சுருங்கிப்போயிருப்பதை 2010இல் கண்டறிந்து வெளியிட்டனர். எல்லை சுருங்குமிடத்தில் ஓர் உறுப்பு பாதி இப்பக்கமும் பாதி அப்பக்கமுமாக நின்றுவிட்டால் என்னவாகும்? இதழோரத்தில் மஞ்சள் மகரந்தப்பை! அந்த மாணவி காட்டியது அத்தகைய எல்லைக் கோட்டைத்தான் போலும்.

மூன்று பணிகளையும் ஒருங்கே அழித்த செடிகளில் பூ இருக்க வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகளே தோன்றின. பூவின் பாகங்கள் யாவும் இலையின் மாற்றுருவே என்று செருமானியக் கவிஞர் கோத்தே 1790ஆம் ஆண்டிலேயே எழுதினார். கவிஞர் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு, இருநூறு ஆண்டு கழித்துச் சான்று கிடைத்தது.

இதுவரை சொன்னது பணிகளைப் பற்றி. அப்பணிகளைச் செய்பவர் யார்? அவையே முன்னர்ச் சொன்ன படியெடுத்தல் காரணிகள். ‘இ’ பணியைச் செய்வது அகாமஸ் என்னும் புரதம். ‘ஆ’ பணிக்கு அபெட்டலா மூன்று, பிஸ்டில்லாட்டா என இரண்டு. ‘அ’ பணிக்கு அபெட்டலா ஒன்று, அபெட்டலா இரண்டு. அபெட்டலா என்றால் இதழற்றது என்று பொருள். இதழை உண்டாக்கும் புரதத்துக்கு இதழற்றது என்றா பெயர் வைப்பது? அந்த மரபணு கெட்டபோது இதழ் இல்லாமற் போனது. அதைக் கொண்டே அது இருப்பதை அறிந்தார்கள். பெயரும் அவ்வாறே அமைந்தது. இருக்கும்போது அருமை தெரியாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, மரபியல் அறிஞர்களின் பெயரிடும் வழக்கமும் அதுவே.

அபெட்டலா இரண்டு நீங்கலாக இவையெல்லாம் ஒரே குடும்பம். மாட்ஸ் குடும்பம் என்பர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், அரபிடாப்சிஸ், ஆன்டிரினம், மனிதன் ஆகிய நான்கிலும் கண்ட புரதங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 1990இல் வைத்த பெயர் இது. ஆம், மனிதனிலும்! ஏறத்தாழ அறுபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி, நாம் மேலே சொன்ன எல்லா உயிர்களிலும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கிறது. அப்பகுதியே டி.என்.ஏ.வைப் பற்றும் கை. அது தேடும் இடம் பத்து எழுத்து நீளமுடையது: முதல் இரண்டு சி, கடைசி இரண்டு ஜி, நடுவில் ஆறும் ஏ அல்லது டி.

இங்கேதான் பாடத்தின் கருப்பொருளுக்கு வருகிறோம். இப்புரதம் ஒன்று தனியே போய் அந்த இடத்தைப் பற்ற முடியாது. இரண்டு புரதம் இணைந்தே பற்ற முடியும். சில புரதங்கள் தம்மைப் போன்ற இன்னொன்றோடு இணையும். ‘ஆ’ பணிக்குரிய இரண்டோ, ஒன்று மற்றதனோடுதான் இணையும். அபெட்டலா மூன்றும் பிஸ்டில்லாட்டாவும் ஒன்றையொன்று விட்டால் பயனற்றவை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது உயிரணுவின் உட்கருவுக்குள்ளேயே முறையாகச் சென்று சேர்வதில்லை; இரண்டும் இருந்தால்தான் உள்ளே காணப்படுகின்றன என்று காட்டியது. டி.என்.ஏ. இருப்பது உட்கருவுக்குள். வாயிலையே ஒருவராகக் கடக்க முடியாதென்றால், உள்ளே போய்ப் பணி செய்வது எங்ஙனம்? மேலும், உள்ளே சென்ற இணை, தம்மை உண்டாக்கும் மரபணுக்களையே மீண்டும் தூண்டி, தம் இருப்பையும் நிலைநிறுத்திக்கொள்கிறது.

மூத்தோர் பலர் ஏற்றம் இறைத்தவர்கள். மேலே மரத்தில் ஏறி மிதிப்பவர் ஒருவர்; கீழே சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவர் ஒருவர். ஒருவர் வராத நாளில் மற்றவர் எத்துணை வலியவராயினும் வயலுக்குத் தண்ணீர் பாயாது. இப்புரதங்களின் இணை அத்தகையது.

இவை இணைகின்றன என்பதைக் கண்டது எப்படி? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா? இல்லை. புரதம் அதற்கெல்லாம் அகப்படாத அளவு சிறியது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் பீல்ட்ஸ், சாங் என்னும் இருவர் ஒரு சூழ்ச்சி கண்டுபிடித்தனர். எம் கருத்தில் இந்தப் பாடத்தில் மிக அழகான பகுதி இதுவே. ஈஸ்டில் ஒரு படியெடுத்தல் காரணி உண்டு. அதற்கு இரண்டு உறுப்பு. ஒன்று டி.என்.ஏ.வைப் பற்றும், மற்றது மரபணுவை எழுப்பும். இரண்டையும் வெட்டிப் பிரித்தால் வேலை நடவாது. இனி, நாம் ஐயுறும் புரதங்கள் இரண்டை எடுத்து, ஒன்றைப் பற்றும் பாதியோடும் மற்றதை எழுப்பும் பாதியோடும் ஒட்டவைக்கிறோம். அவ்விரு புரதங்களும் தமக்குள் இணையக் கூடியவையானால், அவை கூடும்போது வெட்டுண்ட இரு பாதிகளும் அருகருகே வந்துவிடும். மரபணு விழிக்கும், ஈஸ்ட் நீல நிறம் காட்டும். இணையாவிட்டால் நிறம் இல்லை. அவ்வளவே! கண்ணுக்குத் தெரியாத உறவைத் தட்டில் தோன்றும் நீலம் சொல்லிவிடுகிறது.

2005ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களை முன்னிட்ட ஒரு குழு, அரபிடாப்சிஸில் உள்ள மாட்ஸ் புரதங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஏனைய ஒவ்வொன்றோடும் இவ்வாறு சோதித்து, யார் யாரோடு கூடுவர் என்று ஒரு வரைபடமே வெளியிட்டது. நூறு பேரில் இருவர் இருவராக எத்தனை இணை அமைக்கலாம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த உழைப்பின் அளவு புரியும். ஈஸ்டில் கூடுவது எல்லாம் செடியிலும் கூடும் என்று உறுதியாகக் கொள்ள இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். செடியிலிருந்தே இக்கூட்டங்களைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் வேலை பின்னர் நடந்தது. முக்கியமான கூட்டுகள் உறுதியாயின.

அ, ஆ, இ என்னும் விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இந்த மூன்றும் பூவை உண்டாக்குமானால், அவற்றை இலையில் செலுத்தினால் இலை பூவாக வேண்டுமே? செலுத்திப் பார்த்தார்கள், இலை இலையாகவே இருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது. அதை 2000ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில், பெலாஸ், யானோப்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். செபல்லாட்டா என்று பின்னர்ப் பெயர் பெற்ற மூன்று மாட்ஸ் புரதங்கள் உள்ளன. ஒன்றைக் கெடுத்தால் பூவில் பெரிய மாற்றம் தெரியாது. அதனால் நெடுநாள் எவர் கண்ணிலும் படவில்லை. மூன்றையும் ஒருசேரக் கெடுத்தபோது பூவின் எல்லா வட்டங்களும் புல்லியாகவே வந்தன. அதாவது இவை இல்லாவிட்டால் ‘ஆ’வும் நடவாது, ‘இ’யும் நடவாது. இப்பணிக்கு அறிஞர் தந்த ஆங்கில எழுத்து ஈ. இடையில் ஒரு டி உண்டு, அது சூலுக்குரியது, நம் வரிசையில் அதை விட்டுவிட்டால் அ, ஆ, இ, ஈ என்று தமிழ் முறைக்கே வந்துவிடுகிறது!

மறு ஆண்டு, 2001இல், ஜப்பானிய அறிஞர்கள் ஹோன்மா, கோட்டோ இருவரும் செபல்லாட்டாவை ‘ஆ’ புரதங்களோடு சேர்த்து இலையில் செலுத்தினர். இலை இதழின் தன்மை பெற்றது. அவற்றோடு அகாமஸையும் சேர்த்தபோது, தண்டில் உள்ள இலைகள் மகரந்தத்தாள் போன்ற உறுப்புகளாயின. அக்கட்டுரையின் படத்தை நாம் முதன்முதல் கண்ட இரவு உறக்கம் வரவில்லை. இலையாகப் பிறந்தது, உடன் கூடியவர் மாறியதால் இதழாகி நின்றது.

அதே ஆண்டு செருமனியில் தைசன், சேட்லர் ஆகிய இருவரும் இதையெல்லாம் இணைத்து நால்வர் கூட்டு என்னும் கருத்தைச் சொன்னார்கள். ஆன்டிரினத்தில் இரண்டுக்கு மேற்பட்ட புரதங்கள் ஒன்றுகூடுவதை அவர்தம் ஆய்வுக்கூடத்தார் 1999இலேயே காட்டியிருந்தனர். கருத்து இது: இணை ஒன்று டி.என்.ஏ.வில் ஓரிடத்தைப் பற்றுகிறது; இன்னோர் இணை சிறிது தள்ளி வேறோர் இடத்தைப் பற்றுகிறது; பின் அவ்விரு இணைகளும் தமக்குள் கைகோக்க, நடுவில் உள்ள டி.என்.ஏ. வளைந்து வளையமாகிறது. அல்லி இதழுக்குரிய நால்வர் அபெட்டலா ஒன்று, அபெட்டலா மூன்று, பிஸ்டில்லாட்டா, செபல்லாட்டா. இந்நால்வருள் முதல்வர் மட்டும் விலகி அகாமஸ் வந்து அமர்ந்தால் அதே கூட்டு மகரந்தத்தாளை வகுக்கிறது. மூவர் மாறவில்லை, ஒருவர் மாறினார், இதழ் போய் மகரந்தம் வந்தது. அகாமஸ் இரண்டும் செபல்லாட்டா இரண்டும் கூடினால் சூலகம். செபல்லாட்டா எல்லாக் கூட்டிலும் இருக்கிறது. தனியே பார்த்தால் அதற்கென்று ஓர் உறுப்பு இல்லை. கெடுத்தாலும் தெரியாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அது இல்லாமல் ஒன்றும் கூடுவதில்லை. 2014இல் இப்புரதத்தின் இணைப்புப் பகுதியின் படிக அமைப்பையே கண்டு, நான்காகக் கூடும் பொருத்துவாய் எதுவென்றும் காட்டிவிட்டார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டா. ‘அ’ பணி அரபிடாப்சிஸில் சொன்னவாறே பிற செடிகளில் அமைவதில்லை. அந்த ஒரு களைக்குப் பொருந்தியதை எல்லாப் பூவுக்கும் நீட்டியது மிகை என்று வாதிடும் அறிஞர் உண்டு. எமக்கும் அவர்கள் பக்கம் உண்மை இருப்பதாகவே படுகிறது. ‘ஆ’வும் ‘இ’யும் அவ்வாறன்று; நெல்லில்கூட ‘ஆ’ புரதம் கெட்டால் ஆறு மகரந்தத்தாள்களும் சூலிலைகளாகிவிடுவதை 2003இல் கண்டனர்.

“இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மலேசிய நாட்டில் எண்ணெய்ப் பனை பெருந்தொழில். தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த தோட்டங்கள் அவை. நல்ல காய்ப்புள்ள மரத்தின் திசுவைக் குழாயில் வளர்த்து அதே போன்ற கன்றுகளை ஆயிரக்கணக்கில் ஆக்கும் முறை 1970களில் உருவாயிற்று. கன்றுகள் செழித்தன. ஆனால் 1980களில், சில ஆண்டுகள் வளர்ந்து பூத்த பிறகு பார்த்தால், பல மரங்களில் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலிலை போன்ற உறுப்பு தோன்றி, காய் சிதைந்து, எண்ணெய் வற்றிப்போயிருந்தது. கன்றாக இருக்கையில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வழியில்லை. நட்டு, நீர் ஊற்றி, உரமிட்டு, ஆண்டுகள் காத்திருந்த பின்னரே தெரிந்தது. இந்தக் குறி எதை நினைவூட்டுகிறது? ‘ஆ’ கெட்ட பூவைத்தான்.

2015இல் மலேசிய ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டனர். ‘ஆ’ புரதத்துக்குரிய மரபணுவின் நடுவே, முன்னெப்போதோ வந்து புகுந்த ஒரு துண்டு கிடக்கிறது. அத்துண்டுக்கு அறிஞர் வைத்த பெயர் கர்மா! நாம் வைத்ததன்று, அவர்களே வைத்தது. இயல்பான மரத்தில் அத்துண்டின் மேல் சிறு வேதியல் குறிகள் அடர்ந்து படிந்து, அதை அடக்கி வைத்திருக்கின்றன. குழாயில் வளர்க்கும்போது சில கன்றுகளில் அக்குறிகள் கழன்றுவிடுகின்றன. உடனே மரபணுவைப் படியெடுப்பது நடுவழியில் தடுமாறிக் குறைப்படியாக முடிகிறது, பூ கெடுகிறது. எழுத்து ஒன்றும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல மரத்திலும் கெட்ட மரத்திலும் எழுத்து ஒன்றே. மேலே இருந்த குறிதான் வேறு. கெட்ட மரம் சில வேளை தானே நல்ல காய்க்குத் திரும்புவதும் உண்டு. அங்கே குறி மீண்டும் படிந்திருந்தது. நம் முன்னோரிடம் கர்மம் என்று சொல்லப்பட்டது திரும்பாதது என்றே சொல்லப்பட்டது. இந்தக் கர்மா திரும்புகிறது. இலையின் ஒரு துணுக்கைச் சோதித்துக் கன்றிலேயே அறியவும் முடிகிறது. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணி வைத்தார்களா என்பது எமக்குத் தெரியாது; படித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தோம்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று சொல்லி அமர்கிறோம். நம் சங்கத்துக்கு வெள்ளி விழா நன்கொடையாக வந்த மைக்ரோஸ்கோப் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் அதைத் திறக்கிறோம். ஒற்றைச் செம்பருத்தி ஒன்றும் அடுக்குச் செம்பருத்தி ஒன்றும் ஆளுக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பிளேடும் வெள்ளைத் தாளும் நாம் தருகிறோம். அடுக்குப் பூவைப் பிய்க்கும்போது உள்ளிருக்கும் இதழ்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, மஞ்சள் பை ஒட்டியிருப்பதைத் தனியே எடுத்து வையுங்கள். மாணவர் மட்டுமல்லர், தாய்மார்களும் வரலாம். பெயர் சொல்லாத அந்தத் தாயும் தம் மகளை அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அன்றைய பாடத்தை அவர் நடத்துவதாயின் நாம் மாணவர் வரிசையில் அமர்ந்துகொள்கிறோம்.